கோடை முடியும் நேரத்தில் கிரீஸ்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஆகஸ்ட் கடைசி வாரத்திலிருந்து செப்டம்பர் முடியும்வரை கிரீஸுக்குப் போக நினைப்பவர்கள் கேட்கும் சந்தேகங்கள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்றேதான். கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை வைத்திருக்கிறோம். விலைகள் யூரோவில், பயணத்துக்கு முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் கடைசியா, செப்டம்பரா? லீவு ரெண்டுலயும் கிடைக்கும்.

செப்டம்பர். அதிலும் முதல் வாரம் கழிந்து 25-ஆம் தேதிக்குள். ஆகஸ்ட் 15 கன்னி மரியாளின் திருநாள். கிரேக்கர்களின் ஆண்டு விடுமுறையே அதைச் சுற்றித்தான் சுழல்கிறது. அந்த வாரம் கப்பலில் இடம் இருக்காது, தீவில் அறை இருக்காது, இருந்தாலும் விலை கட்டுப்படியாகாது. டினோஸ் தீவுக்கு அன்று யாத்திரிகர்கள் திரண்டு வருவதால் அந்த வழித்தடமே நெரியும். ஆகஸ்ட் இறுதிவரை இத்தாலியர் கூட்டமும் இருக்கும். செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் பள்ளிகள் திறந்ததும் குடும்பங்கள் ஊர் திரும்பிவிடும். பேருந்து, கப்பல் சேவைகள் குறையத் தொடங்குவது பெரும்பாலும் மாதக் கடைசியில்தான்.

வெயிலும் ஒரு காரணம். ஏதென்ஸில் ஆகஸ்ட் பகல் 33, 34 டிகிரி. வெப்ப அலை வந்தால் 40-ஐத் தொடும். செப்டம்பரில் 29 அளவுக்கு இறங்கும். சென்னை வெயிலுக்குப் பழகியவர்களுக்கு இது பெரிதாகத் தோன்றாது. ஆனால் ஏதென்ஸின் பழங்காலக் கோட்டைக் குன்றான அக்ரோபோலிஸில் நிழலே இல்லாத பாறை மேல் இரண்டு மணி நேரம் நடக்க வேண்டும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

ஆகஸ்ட் பக்கம் ஒரு நியாயம் உண்டு. ஆகஸ்ட் பௌர்ணமி இரவில் பல தொல்லியல் இடங்களை இலவசமாகத் திறந்து வைப்பார்கள். அந்தப் பௌர்ணமி மாதக் கடைசியில் விழும் ஆண்டானால், அதை முதல் நாளாக வைத்துத் திட்டமிடுவது நல்ல யோசனை.

செப்டம்பர்ல கடல் சில்லுனு இருக்காதா?

இருக்காது. கோடை முழுக்கச் சூடேறிய கடல் மெதுவாகத்தான் ஆறும். செப்டம்பரில் ஏஜியன் கடல் 23 முதல் 25 டிகிரி வரை இருக்கும். ஜூனில் இருப்பதைவிட அதிகம். நம்மூர்க் கடலோடு ஒப்பிட்டால் இறங்கும்போது முதல் நிமிடம் சிலிர்க்கும், அவ்வளவுதான்.

பத்து நாள் இருக்கு. ஏதென்ஸ், சாண்டோரினி, மிக்கோனோஸ், கிரீட், மெட்டியோரா எல்லாம் பார்த்துடலாமா?

முடியாது. பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியல் போட்டு நடுவில் கோடு இழுப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. கிரீஸில் பயணத்தின் முதுகெலும்பு கப்பல் தடம். எந்தத் தீவிலிருந்து எந்தத் தீவுக்கு நேரடிக் கப்பல் உண்டு என்று முதலில் பாருங்கள். ஓட்டல் அதற்குப் பிறகு. ஒவ்வொரு தீவு மாற்றமும், பெட்டி கட்டுவது, துறைமுகத்தில் காத்திருப்பது, இறங்கி அறை சேர்வது என்று அரை நாளுக்குமேல் தின்றுவிடும்.

பத்து நாளுக்கு நாங்கள் சொல்வது: ஏதென்ஸ் 3 இரவு, நாக்சோஸ் 3, சாண்டோரினி 2, மீண்டும் ஏதென்ஸ் 1. ஒரே தடத்தில் அடுத்தடுத்து வரும் தீவுகள் இவை. ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து நாக்சோஸ் ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல், அங்கிருந்து சாண்டோரினி சுமார் இரண்டு மணி நேரம். நிலப்பகுதிதான் பிடிக்கும் என்றால் தீவை ஒன்றாகச் சுருக்கி, நாஃப்பிளியோ ஊரில் மூன்று இரவு தங்கி பண்டைய மைசீனி இடிபாடுகளையும் எபிடாரஸ் அரங்கையும் பாருங்கள். கிரீட் தனிக் கணக்கு. 250 கிலோமீட்டர் நீளத் தீவு அது. ஏழு நாள் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

விசாவுக்கு எப்போ போடணும்? ஃபிரான்ஸ் விசாவோட கிரீஸ் போலாமா?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். மலேசிய, சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு இருந்தால் எந்த 180 நாளிலும் 90 நாள்வரை விசா இல்லாமல் தங்கலாம். விண்ணப்பத்தை 6 மாதத்துக்கு முன்பிருந்தே கொடுக்கலாம். குறைந்தது 15 நாளாவது முன்பு கொடுக்க வேண்டும். பரிசீலனைக்கு வழக்கமாக 15 நாள், சிக்கல் வந்தால் 45 நாள்வரை இழுக்கலாம். மே முதல் ஜூலைவரை சந்திப்பு நேரம் கிடைப்பதே பாடு. ஆகவே செப்டம்பர் பயணத்துக்கு ஏப்ரலிலேயே நேரம் பிடித்துவிடுங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும் செல்லுபடியாக வேண்டும். கடவுச்சீட்டு, நீங்கள் வெளியேறும் தேதிக்குப் பிறகும் 3 மாதம் உயிரோடு இருக்க வேண்டும். கொடுக்கப்பட்டு 10 ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது.

அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாள்கள் சமமானால், முதலில் நுழையும் நாடு. ஃபிரான்ஸில் ஆறு நாள், கிரீஸில் நான்கு நாள் என்றால் ஃபிரான்ஸ் விசாவோடு தாராளமாகப் போகலாம். சந்திப்பு சீக்கிரம் கிடைக்கிறதே என்று வேறு நாட்டில் போட்டுவிட்டு முழு விடுமுறையையும் கிரீஸில் கழித்தால், எல்லையில் கேள்வி வரும். அடுத்த விசாவுக்கும் அது இடைஞ்சலாகும். ஓட்டல் பதிவுகளை இந்தக் கட்டத்தில் இலவசமாக ரத்து செய்யக்கூடியதாகவே வையுங்கள்.

கப்பல் டிக்கெட்டை முன்னாடியே எடுக்கணுமா, அங்க போய் வாங்கிக்கலாமா?

ஆகஸ்டுக்கு இரண்டு மாதம் முன்பே எடுங்கள். செப்டம்பர் நடுவில் சாதாரணப் பயணச்சீட்டு இரண்டு, மூன்று நாள் முன்புகூடக் கிடைக்கும். காரோடு ஏறுவதானாலும், கிரீட்டுக்கு இரவுக் கப்பலில் படுக்கை அறை வேண்டுமானாலும், வேகக் கப்பலானாலும் முன்பதிவு அவசியம். பெரும்பாலும் மின்சீட்டுதான், க்யூஆர் குறியீட்டைக் கைப்பேசியில் காட்டினால் போதும்.

பெரிய கப்பல், வேகக் கப்பல்னு ரெண்டு இருக்கே, எதுல போறது?

பிரேயஸிலிருந்து சாண்டோரினிக்குப் பெரிய கப்பல் சுமார் 8 மணி நேரம், வேகக் கப்பல் 5 மணி நேரம். மிச்சமாகும் மூன்று மணி நேரத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு மடங்கு விலை. பெரிய கப்பலில் திறந்த தளம் உண்டு, தீவுகளைப் பார்த்துக்கொண்டே போகலாம், ஆட்டம் குறைவு. வேகக் கப்பலில் பெரும்பாலும் விமானம்போல இருக்கையில் அடைந்திருக்க வேண்டும். காற்று அடித்தால் வாந்தி நிச்சயம். குமட்டும் உடம்பு என்றால் யோசிக்கவே வேண்டாம், பெரிய கப்பல். மாத்திரையைப் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போடுங்கள். குமட்டல் வந்த பிறகு போட்டுப் பயனில்லை.

இடைத் தீவில் இறங்குபவர்கள் கவனிக்க: கப்பல் நாக்சோஸ், பாரோஸ் போன்ற இடங்களில் சில நிமிடங்கள்தான் நிற்கும். பெட்டிகளைக் கீழே வண்டித் தளத்தில், தீவின் பெயர் எழுதிய அடுக்கில் வைத்திருப்பீர்கள். அறிவிப்பு வந்த உடனே இறங்கிப் பெட்டியோடு கதவருகே நில்லுங்கள். மேல் தளத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தால் அடுத்த தீவில்தான் இறங்க வேண்டியிருக்கும்.

காத்து அடிச்சா கப்பல் நிக்கும்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம். ஏஜியன் கடலில் கோடையில் வடக்கிலிருந்து வீசும் காற்றுக்கு மெல்டெமி என்று பெயர். வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும்போதே வீசும். அதனால்தான் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். ஜூலை, ஆகஸ்டில் உச்சம்; செப்டம்பரில் தணியும், ஆனால் முற்றிலும் நிற்காது. காற்றின் வேகத்தைக் குறிக்கும் போஃபோர்ட் அளவில் 8, 9 என்று வந்தால் துறைமுகக் காவல் துறை புறப்பாட்டைத் தடுக்கும். வேகக் கப்பலுக்கும் சிறு படகுக்கும் தடை முதலில் வரும், பெரிய கப்பலுக்குக் கடைசியில்.

ரத்தானால் முழுப் பணமும் திரும்ப வாங்கலாம், அல்லது அடுத்த கப்பலுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் தவறிய ஓட்டல் இரவுக்கும் விமானத்துக்கும் கப்பல் நிறுவனம் பொறுப்பேற்காது. முன்னறிவிப்பை இரண்டு நாள் முன்பிருந்தே பாருங்கள். 7-க்கு மேல் காட்டினால், முடிந்தால் ஒரு நாள் முன்னதாகவே கிளம்பிவிடுவது புத்திசாலித்தனம். தொழிற்சங்க வேலைநிறுத்தத்தாலும் கப்பல்கள் 24 மணி நேரம் நிற்பதுண்டு. அது வழக்கமாகச் சில நாள் முன்பே அறிவிக்கப்படும்.

ஏர்போர்ட்ல இறங்கி நேரா கப்பல் பிடிக்கலாமா?

காலையில் இறங்கினால் பிற்பகல் கப்பலுக்குப் போகலாம். ஆனால் பெரிய கப்பல்கள் பல காலை 7 மணியை ஒட்டிக் கிளம்பிவிடுகின்றன. விமான நிலையத்திலிருந்து பிரேயஸுக்கு மெட்ரோ 3-ஆம் தடம் நேராகப் போகிறது. சுமார் ஒரு மணி நேரம், 9 யூரோ. எக்ஸ்96 பேருந்து 24 மணி நேரமும் ஓடும், 5.50 யூரோ, நெரிசலைப் பொறுத்து ஒன்றரை மணி நேரம்கூட ஆகலாம். மூன்று நாள் சுற்றுலாச் சீட்டு 20 யூரோ. அதில் விமான நிலையப் போக்குவரத்து இரு வழியும் அடக்கம் என்பதால், நகரில் தங்குபவர்களுக்கு அதுதான் லாபம்.

பிரேயஸ் துறைமுகம் பெரியது. இ1 முதல் இ12 வரை வாயில்கள். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தால் அரை மணி நேரம். சீட்டில் வாயில் எண்ணைப் பார்த்துக்கொண்டு முக்கால் மணி நேரம் முன்பு போங்கள். மிக்கோனோஸ், டினோஸ், ஆன்ட்ரோஸ் போகிறவர்கள் ரஃபீனா துறைமுகத்தையும் பாருங்கள். விமான நிலையத்துக்கு அதுதான் பக்கம்.

அக்ரோபோலிஸுக்கு எந்த நேரம் போறது? டிக்கெட் வரிசை பெருசா இருக்குமாமே.

காலை 8 மணி, அல்லது மூடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு. சீட்டு 30 யூரோ. தேதியோடு நேரத்தையும் இணையத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். நாளொன்றுக்கு 20,000 பேர் என்று வரம்பு வைத்திருப்பதால், கடைசி நேரத்தில் நல்ல வேளைகள் கிடைக்காது. மற்ற இடங்களையும் சேர்த்துக் கொடுத்த பழைய 30 யூரோ சீட்டு 2025 ஏப்ரலில் நின்றுவிட்டது. பழைய வழிகாட்டிகளை நம்பி ஏமாறாதீர்கள். அருங்காட்சியகத்துக்குத் தனிச் சீட்டு.

தெற்குச் சரிவில் மெட்ரோ நிலையத்துக்கு அருகே உள்ள வாயிலில் நெரிசல் குறைவு. டயோனிசஸ் அரங்கைப் பார்த்தபடியே ஏறலாம். பளிங்கு தேய்ந்து வழுக்கும், ரப்பர் அடி உள்ள செருப்பு அல்லது ஷூ வேண்டும். ஆகஸ்டில் மாலை 8 மணிவரை திறந்திருக்கும். செப்டம்பரில் நேரம் படிப்படியாகக் குறையும். கடும் வெப்ப அலை நாள்களில் நண்பகலிலிருந்து மாலை 5 மணிவரை மூடுவதும் உண்டு. செப்டம்பர் கடைசி வார இறுதியில் நுழைவு இலவசம், கூட்டம் அதற்கேற்றபடி.

சாண்டோரினில எரிமலைப் பள்ளத்தைப் பார்த்த ரூம் எடுக்கலேன்னா வேஸ்டா?

இல்லை. அந்தக் காட்சியை விளிம்புப் பாதையில் நடந்தே யாரும் பார்க்கலாம். ஃபிராவிலிருந்து ஓயா வரை சுமார் 10 கிலோமீட்டர், மூன்று நான்கு மணி நேரம். காலை 7 மணிக்குத் தொடங்கினால் வெயிலுக்கு முன் முடியும். தீவின் பேருந்துகள் எல்லாம் ஃபிராவிலிருந்துதான் கிளம்புகின்றன. ஆகவே ஃபிராவில் விளிம்புக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளித் தங்கினால் விலை பாதியாகும், அலைச்சலும் இல்லை. விளிம்பு ஓட்டல்களில் படிகள் அதிகம்; முட்டி வலி உள்ள அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்கள் எத்தனை படி என்று கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

ஓயாவின் சூரிய அஸ்தமனம் அளவுக்கு மீறிப் புகழப்படுகிறது. கோட்டைச் சுவரில் தோளோடு தோள் இடித்து நின்றுதான் பார்க்க வேண்டும். அந்த நடைபாதையில் வரும் இமெரோவிக்லி ஊரிலிருந்தும் அதே சூரியன்தான் இறங்குகிறது.

நாங்க சுத்த சைவம். பட்டினிதானா?

ஐரோப்பாவில் சைவர்களுக்கு எளிதான நாடுகளில் ஒன்று கிரீஸ். காய்களை ஆலிவ் எண்ணெயும் தக்காளியும் சேர்த்து வேகவைக்கும் 'லாதெரா' வகையைத் தேடுங்கள். பெரிய அவரைக்கொட்டை போட்ட யிகாண்டெஸ், பீன்ஸ் ஃபசோலாகியா, கத்தரிக்காய், சீமைச் சுரைக்காய், உருளை சேர்ந்த பிரியாம் எல்லாம் அந்த வகை. தினச் சமையல் செய்யும் கடைகளில் இவை நண்பகலில் தயாராக இருக்கும், இரவுக்குத் தீர்ந்துவிடும். ஆகவே மதியம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு இரவை எளிதாக வைத்துக்கொள்ளுங்கள். சாண்டோரினியின் ஃபாவா, மஞ்சள் பருப்பு மசியல். மேலே வெங்காயமும் எண்ணெயும். ரொட்டியோடு நமக்கு உடனே ஒத்துப்போகும்.

பொறிகள் சில. அரிசி அடைத்த தக்காளி, குடைமிளகாயில் கொத்துக்கறியும் சேர்ப்பதுண்டு, கேட்டுவிடுங்கள். திராட்சை இலைச் சுருளும் அப்படியே. தாராமசலாட்டா என்ற இளஞ்சிவப்பு மசியல் மீன் முட்டை. அவ்கோலெமோனோ என்றால் முட்டை கலந்த எலுமிச்சைக் குழம்பு. 'ஹோரிஸ் க்ரேஅஸ்' என்றால் இறைச்சி இல்லாமல். 'நிஸ்டிசிமோ' என்றால் நோன்பு உணவு. இறைச்சி, பால், முட்டை இருக்காது, ஆனால் கணவாயும் இறாலும் இருக்கலாம். ஆகஸ்ட் 1 முதல் 14 வரை மரியாள் நோன்பு என்பதால் அப்போது இந்த வகை அதிகம் கிடைக்கும். செப்டம்பர்க்காரர்களுக்கு ஆறுதலாக அத்தி, திராட்சை, வெயிலில் பழுத்த தக்காளி.

ஓட்டல்ல போய்ச் சேர்ந்ததும் தனியா வரி கேட்டாங்களாம். ஏமாத்தா?

இல்லை, சட்டப்படியான கட்டணம். ஏப்ரல் முதல் அக்டோபர்வரை ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு: 1, 2 நட்சத்திர ஓட்டலில் 2 யூரோ, 3 நட்சத்திரத்தில் 5, 4 நட்சத்திரத்தில் 10, 5 நட்சத்திரத்தில் 15. குறுகிய கால வாடகை வீடுகளுக்கு 8. இணையப் பதிவில் கட்டிய தொகையில் பெரும்பாலும் இது சேராது. வந்திறங்கியதும் அங்கேயே கேட்பார்கள். ஆள் கணக்கு அல்ல, அறைக் கணக்கு. நான்கு நட்சத்திரத்தில் ஒன்பது இரவு என்றால் 90 யூரோ ஒதுக்கி வையுங்கள்.

தண்ணி குழாயில குடிக்கலாமா?

ஏதென்ஸில் குடிக்கலாம். சாண்டோரினி போன்ற சிறு தீவுகளில் பாட்டில்தான். இன்னொன்று: பழைய கட்டடங்களில் கழிவுக் குழாய் குறுகலானது. கழிப்பறைக் காகிதத்தைப் பக்கத்துக் கூடையில்தான் போட வேண்டும்.

கார் எடுக்கணுமா? நம்ம லைசென்ஸ் செல்லுமா?

ஏதென்ஸிலும் சாண்டோரினியிலும் தேவையில்லை. நாக்சோஸில் ஒரு நாளுக்கு எடுக்கலாம். கிரீட்டிலும், நாஃப்பிளியோ இருக்கும் பெலோபொனீஸ் பகுதியிலும் கார் இல்லாவிட்டால் பாதி இடம் கைவிட்டுப் போகும். இந்திய உரிமத்தோடு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாங்கும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வேண்டும், ஓராண்டு செல்லும். அது இல்லாமலே சாவி கொடுக்கும் கடைகள் உண்டு, ஆனால் விபத்து நடந்தால் காப்பீடு கை விரித்துவிடும். முன்பணத்தைப் பிடித்து வைக்க, ஓட்டுபவர் பெயரிலேயே கடன் அட்டை கேட்பார்கள். தானியங்கி கியர் வண்டிகள் குறைவு, முன்பே சொல்லி வையுங்கள்.

வலப்பக்கம் ஓட்ட வேண்டும். கிரீட் வடக்கு நெடுஞ்சாலையில் மெதுவாகப் போகிறவர்கள் ஓரக்கோட்டைத் தாண்டி ஒதுங்கி வழிவிடுவது ஊர் வழக்கம். பின்னால் ஒட்டி வருபவர் அதைத்தான் எதிர்பார்க்கிறார். சானியா முதல் ஹெராக்லியன் வரை 140 கிலோமீட்டருக்கு இரண்டே கால் மணி நேரம் வையுங்கள். பாலோஸ் கடற்கரைக்குப் போகும் மண் பாதையில் வாடகைக் காரை இறக்காதீர்கள். டயருக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் பெரும்பாலான காப்பீடு பொருந்தாது. கிசாமோஸிலிருந்து படகு இருக்கிறது.

காட்டுத்தீ, வெள்ளம்னு செய்தியில வருதே. பயமா இருக்கு.

இரண்டும் உண்மை. 2021 ஆகஸ்டில் எவியா தீவும், 2023 ஜூலையில் ரோட்ஸ் தீவும், அடுத்த மாதம் வடகிழக்கு எவ்ரோஸ் வட்டாரமும் எரிந்தன. வறண்ட காடும் மேலே சொன்ன வடகாற்றும் சேர்வதுதான் காரணம். குடிமைப் பாதுகாப்புத் துறை ஒவ்வொரு நாளும் மறுநாளுக்கான தீ ஆபத்து வரைபடத்தை 1 முதல் 5 வரை நிறம் பிரித்து வெளியிடுகிறது. 4, 5 என்றால் மலை நடையைத் தள்ளிப்போடுங்கள்; பாதைகளையே மூடிவிடுவார்கள். ஆபத்து நெருங்கினால் 112 என்ற எண்ணிலிருந்து கிரேக்கத்திலும் ஆங்கிலத்திலும் எச்சரிக்கை உங்கள் கைப்பேசிக்கே வரும். அதை அணைத்து வைக்காதீர்கள்.

செப்டம்பரின் ஆபத்து மழை. 2020-இல் இயானோஸ் புயல் மேற்கிலுள்ள அயோனியன் தீவுகளைத் தாக்கியது. 2023-இல் டேனியல் புயலில் தெசலி சமவெளி மூழ்கியது. மழை மேற்கில்தான் முதலில் தொடங்கும். ஆகவே மேற்கே கோர்ஃபு, கெஃபலோனியா போக ஆசைப்பட்டால் மாதத்தின் முதல் பாதி; நாக்சோஸ், சாண்டோரினி அடங்கிய சைக்ளாடிஸ் தீவுகள், கிரீட் என்றால் இரண்டாம் பாதி.

மெட்டியோராவுக்குப் புடவை, சல்வார்ல போகலாமா?

மெட்டியோரா, பாறை உச்சிகளில் கிறிஸ்தவ மடங்கள் இருக்கும் இடம். தோள் மூடிய புடவைக்குத் தடையில்லை. பெண்களுக்கு முழங்காலுக்குக் கீழ் இறங்கும் பாவாடைதான் விதி என்பதால், சல்வார் அணிந்தவர்களையும் வாயிலில் சுற்றுத்துணி கட்டச் சொல்வதுண்டு. ஆண்களுக்கு முழுக்கால் சட்டை. ஆறு மடங்கள் இருக்கின்றன. வார விடுமுறை ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நாள். ஒரே நாளில் ஆறும் பார்ப்பது நடக்காது, மூன்று போதும். ஏதென்ஸிலிருந்து ஒருநாள் பயணமாகப் போய்த் திரும்பாதீர்கள். போக மட்டும் ஐந்து மணி நேரம். அடிவார ஊரான கலம்பாகாவில் ஒரு இரவு தங்குங்கள்.

கோஸ் தீவிலிருந்து துருக்கி தெரியுதாமே. ஒருநாள் போயிட்டு வரலாமா?

படகில் போத்ரூம் ஒரு மணி நேரத்துக்குள்தான். சிக்கல் விசாவில். துருக்கிக்குள் கால் வைத்தால் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. உங்கள் விசா ஒற்றை நுழைவு என்றால் மாலையில் கோஸுக்குத் திரும்ப முடியாது. திரும்பும் விமானம் ஏதென்ஸிலிருந்து என்றால் நிலைமை மோசம். விசாவில் பல நுழைவு என்று இருக்கிறதா பாருங்கள். துருக்கிக்குத் தனி அனுமதியும் வேண்டும். செல்லுபடியாகும் ஷெங்கன் விசா உள்ள இந்தியர்கள் இணைய விசா பெற முடியும்.

ஏடிஎம்ல பணம் எடுத்தா அதிகமா பிடிக்குதே, ஏன்?

ரூபாயிலா யூரோவிலா என்று திரை கேட்கும்போது ரூபாயைத் தொட்டிருப்பீர்கள். அப்போது இயந்திரத்தை நடத்துபவர்கள் வைத்த மாற்று விகிதத்தில் பிடிப்பார்கள். எப்போதும் யூரோவைத் தேர்ந்தெடுங்கள். கடையில் அட்டை தேய்க்கும்போதும் அதே. தெருமுனைத் தனியார் இயந்திரங்களைவிட வங்கிக் கிளையின் இயந்திரம் மேல்.

கடைசி நாள் விமானம் சாயங்காலம் 6 மணிக்கு. அன்னிக்குக் காலைல சாண்டோரினியிலிருந்து வேகக் கப்பல்ல வந்துடலாம்ல?

வேண்டாம். மேலே பத்து நாள் திட்டத்தில் கடைசி இரவை ஏதென்ஸில் வைத்தது இதற்காகத்தான். கப்பல் சரியான நேரத்துக்கு வந்தாலும், பிரேயஸிலிருந்து விமான நிலையம் ஒரு மணி நேரத்துக்கு மேல். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய எல்லைப் பதிவு முறையில் முகமும் கைரேகையும் பதிவதால், விமான நிலைய வரிசைக்கும் கூடுதல் நேரம் வேண்டும். காற்று ஏறி வேகக் கப்பல் ரத்தானால் அன்றைக்கு வேறு வழியே இருக்காது.

விடுமுறை நாள் அவ்வளவு இறுக்கம் என்றால், சாண்டோரினியிலிருந்து ஏதென்ஸுக்கு உள்நாட்டு விமானம் பிடியுங்கள். முக்கால் மணி நேரம்தான். இரண்டு விமானத்தையும் ஒரே பதிவில் எடுங்கள். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினால், மாற்று விமானம் ஏற்பாடு செய்வது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக எடுத்தால் நடுவில் குறைந்தது ஐந்து மணி நேரம் விடுங்கள்.